ஓணான் டீச்சரும் ஆறு பெரும்பாக்கம் முட்டைகளும்

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் தேதி, புதன்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். வானத்தில் மேகம் பூஜ்யம். காற்றும் பூஜ்யம். அந்த நேரத்துக்கே முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தேன். என் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, நந்தியாவட்டைச் செடிக்குக் கீழே, வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி தெருமண்ணில் குப்புறப் படுத்திருந்தார்.

சிட்லபாக்கத்தில் இந்தத் தெருவுக்கு நான் வந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. இதுவரை நான்கு திருடர்கள், இரண்டு வெள்ளம், பதினேழு வேட்பாளர்கள், கட்டை அறுத்துக்கொண்டு வந்த ஓர் எருமை ஆகியவற்றைப் பார்த்திருக்கிறேன். இவை எல்லாம் சேர்ந்து தெருவைக் கலக்கியதைவிட ஓணான் டீச்சர் ஒருவர் அதிகம் கலக்கினார் என்று அடித்துச் சொல்வேன்.

"அம்மா, விழுந்துட்டீங்களா? தண்ணி கொண்டு வரவா?" என்றேன்.

"ஷ்ஷ். சத்தம் போடாதீங்க சார். பிரசவம் நடக்குது."

பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஆட்டோ எதுவும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, பிரசவம் ஓர் ஓணானுக்கு. மண்ணில் குழி தோண்டி, பின்பக்கத்தை உள்ளே விட்டு, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. பல் பிடுங்கப் போனவரின் முகபாவம். நானும் பால் பாக்கெட்டை மறந்து நின்றுவிட்டேன்.

முடிந்ததும் டீச்சர், "பதினொண்ணு," என்று நோட்டில் எழுதினார்.

"பன்னெண்டு."

"பதினொண்ணு சார்."

"பன்னெண்டு மேடம். ஏழாவது போட்டதும் ஒண்ணு வலது பக்கம் உருண்டு வேருக்குப் பின்னால போச்சு."

அவர் ஒரு டீஸ்பூனால் மண்ணை மெல்ல விலக்கிப் பார்த்தார். பன்னிரண்டாவது முட்டை வேருக்குப் பின்னால் இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எண்ணுறவரா?" என்று கேட்டார், "நீங்க டாக்டரா?" என்று கேட்கிற மரியாதையில்.

நான் எண்ணுகிறவன்தான். ஒரு பெரிய குடோனில் முப்பத்துமூன்று வருடம் மூட்டை எண்ணியே ஓய்வு பெற்றவன். பி.எஸ்ஸி. கணிதம். மாடிப்படி பதினெட்டு, மொட்டை மாடியிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டிகள் நாற்பத்தொன்று, என் மனைவி ஒரு நாளைக்கு என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வது சராசரி ஆறு. இந்தப் பழக்கத்தை ஒருவர் மதித்தது அதுவே முதல் தடவை. அங்கேயே விழுந்துவிட்டேன்.

டீச்சருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அது வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் பயன்பட்டது. தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் முப்பத்துநான்கு வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தார். கைப்பையில் பைபிள், மண்ணில் குத்தும் தெர்மாமீட்டர், டீஸ்பூன், இஞ்ச் டேப், முட்டைக்குப் பொட்டு வைக்க 2பி பென்சில் என்று ஐந்து உருப்படிகள் எப்போதும் இருக்கும். சர்ச்சில் காணிக்கை போடப் பையைத் திறந்தபோது தெர்மாமீட்டரும் சேர்ந்து தட்டில் விழுந்ததாகவும், போதகர் அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பியதாகவும் கேள்வி.

அவருடைய ஆராய்ச்சி எட்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் பணம் தரவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரை, கோவிலம்பாக்கத்துக் காலி மனைகள், பெரும்பாக்கம் குடியிருப்பு என்று மூன்று ஊர் ஓணான்களையும் பின்தொடர்ந்தார். பெரும்பாக்கத்துக் குஞ்சு சீக்கிரம் வருகிறது, சிறியதாக இருக்கிறது, ஓட்டமோ ஓட்டம். சிட்லபாக்கத்துக் குஞ்சு நிதானமாக வருகிறது, கொழுகொழுவென்று இருக்கிறது, விரலால் தொட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. கோவிலம்பாக்கம் வழக்கம்போல நடுவில்.

"ஏன்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நாற்பது நிமிடம் போயிற்று.

"ஓணான் அம்மா அடைகாக்காது சார். முட்டை போட்டு மண்ணை மூடிட்டுப் போனா அதோட சரி. ஸ்கூல் ஃபீஸ் கிடையாது, டியூஷன் கிடையாது, போன் பண்ணி 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறது கிடையாது. குடுக்கிறது எல்லாத்தையும் மஞ்சக்கருவா முட்டைக்குள்ளயே வெச்சு அனுப்பிடும். கட்டுச்சோறு மாதிரி."

"அப்புறம் யாரு பாத்துக்குவா?"

"மண்ணு. மண்ணு சூடா இருந்தா குஞ்சு சீக்கிரம் வரும். குளுமையா இருந்தா நாளாகும். இப்ப பெரும்பாக்கம் குஞ்சு சின்னதா இருக்கே, அது அம்மா குடுத்த கட்டுச்சோறு கம்மிங்கிறதாலயா, இல்ல அங்க சுத்திக் கான்கிரீட்டு, மண்ணு கொதிக்குதே, அதாலயா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"முட்டையை மாத்தி வைக்கணும்," என்றேன்.

"சபாஷ்! பத்துக்குப் பத்து."

எனக்கு வயது எழுபத்திரண்டு. அந்தப் பத்து மார்க்குக்காக அன்று முழுவதும் வீட்டில் சிரித்துக்கொண்டு திரிந்தேன். "ஏங்க, பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்று என் மனைவி இரண்டு முறை கேட்டாள்.

மாற்றி வைக்கும் வேலையில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவள் குமாரி. எங்கள் வீட்டிலும் இந்தத் தெருவில் இன்னும் நான்கு வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவள். குடிசைகளை இடித்து அனுப்பியவர்களுக்காக ஹவுசிங் போர்டு கட்டிய பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடியில் வீடு. லிஃப்ட் ஓடும் நாட்களை அவள் பண்டிகை நாட்கள் என்பாள். அவளுடைய பிளாக்குக்குக் கீழே இருந்த மணல்மேட்டில்தான் பெரும்பாக்கத்து ஓணான் முட்டையிட்டிருந்தது.

ஜூன் 17, சனிக்கிழமை. என் வாசல் முட்டை பன்னிரண்டில் ஆறு பெரும்பாக்கத்துக்குப் போயின. மீதி ஆறு டீச்சர் வீட்டுத் தோட்டத்துக்கு, அதுவும் சிட்லபாக்கத்து மண்தான். பெரும்பாக்கத்து முட்டைகளில் ஆறு அங்கேயே நின்றன. ஆறு என் வாசல் குழிக்கு வந்தன. போகிற முட்டைகளை டீச்சரே கொண்டுபோனார். வருகிற முட்டைகளைக் குமாரியிடம் கொடுத்தனுப்பினார். சம்படத்தில் ஈர மணல், அதன்மேல் முட்டை, ஒவ்வொன்றின் தலையிலும் பென்சில் பொட்டு. பொட்டு கடைசிவரை வானத்தைப் பார்க்க வேண்டும். முட்டை புரண்டால் உள்ளே உயிர் போய்விடும்.

"பஸ்ல உக்காராதம்மா. சீட்டு தூக்கிப் போடும். நின்னா உன் முழங்கால் குலுக்கலை வாங்கிக்கும்."

"இன்னா டீச்சர், ஓணான் முட்டைக்கு நான் ஷாக் அப்சார்பரா?" என்றாள் குமாரி. ஆனால் நின்றுகொண்டேதான் வந்தாள்.

விஷயம் குடியிருப்போர் சங்கத்துக்குப் போயிற்று. சங்கத் தலைவர் ஒரு முன்னாள் வங்கி மேலாளர். இன்னும் யாரைப் பார்த்தாலும் கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பது போலவே பார்ப்பார். ஜூன் 25, ஞாயிறு மாலை, அவசரக் கூட்டம். வருகை 23 பேர். பிஸ்கட் 40.

"டீச்சர், உங்க ஆராய்ச்சிக்கு நாங்க எதிரி இல்ல. ஆனா அந்தப் பக்கத்து முட்டை எதுக்கு நம்ம தெருவுல?"

"எந்தப் பக்கத்து சார்?"

"அதான்... பெரும்பாக்கம். ஹவுசிங் போர்டு."

"முட்டை என்ன பண்ணும்?"

"முட்டை ஒண்ணும் பண்ணாது. பொரிச்சு வெளிய வரும்ல?"

ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் எழுந்தார். "நம்ம ஓணானோட மிக்ஸ் ஆயிடுச்சுன்னா என்ன பண்றது? நாளைக்கு வீட்டை விக்கணும்னா பாதிக்காதா?"

பதினான்காம் நம்பர்காரர், "வாடகைக்கு வர்றவங்ககிட்டயே ஆதார் ஜெராக்ஸ் வாங்குறோம்," என்று நியாயமான ஒரு குறிப்பைப் பதிவு செய்தார்.

டீச்சர் வகுப்பறையில் எழுந்து நிற்பது போல எழுந்தார். "நம்ம ஓணான்னு சொன்னீங்களே. சன்னலுக்கு வெளிய சுவர்ல ரெண்டு உக்காந்திருக்கு பாருங்க. அதுல எது நம்மது, எது அவங்களது? அஞ்சு மார்க். யார் சொல்றீங்க?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

"சரி, இன்னொரு அஞ்சு மார்க். இங்க இருக்கிறவங்கள்ல அஞ்சு வீட்டுப் பாத்திரம் பெரும்பாக்கத்துக் கையாலதான் சுத்தமாகுது. அந்தத் தட்டுல சாப்பிட்டது ஜீரணமாகுதா இல்லையா?"

இருபத்திரண்டு பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள். மீதி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைவர் தொண்டையைச் செருமிச் சமரசத்துக்கு வந்தார். தெருவின் இரண்டு ஓரத்திலும் சிமெண்டு பேவர் பிளாக் பதிப்பதாக ஏற்கெனவே தீர்மானம் இருந்தது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குள் முடிக்க வேண்டும். டீச்சர் கணக்குப்படி ஆகஸ்ட் 10-க்குள் எல்லா முட்டையும் பொரித்துவிடும். ஆகவே ஆகஸ்ட் 12 வரை என் வாசல் குழியை யாரும் தொட மாட்டார்கள். 12-ஆம் தேதி காலை லாரி வரும். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. டீச்சர் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான்.

கூட்டத்தில் டீச்சர் சொன்னதில் வெப்பநிலை என்ற ஒரு வார்த்தை மட்டும் தெருவின் காதில் ஏறியது. மறுநாளே தலைவர் பேரனின் படிப்பறை ஏசி இருபத்துநான்குக்குப் போயிற்று. "சூடு கம்மியா இருந்தா நல்லா கொழுகொழுன்னு வரும்னு டீச்சரே சொன்னாங்க," என்றார். ஒன்பதாம் நம்பர் அம்மாள் கர்ப்பமாக இருந்த மருமகளுக்குத் தினமும் இரண்டு முட்டை அதிகமாகக் கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெண் ஐந்தாவது நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனி வருவது என் குற்றம்.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மிஷின் இருக்கிறது. ஒரு லிட்டர் குடிதண்ணீர் கொடுத்துவிட்டு மூன்று லிட்டரை வேண்டாம் என்று தள்ளிவிடும் மிஷின். இப்படி வீணாவது ஒரு நாளைக்குப் பதினெட்டு லிட்டர். எண்ணுகிறவனுக்கு இது தாங்குமா? ஒரு பிவிசி குழாயை நந்தியாவட்டையின் வேருக்கு நேராகப் புதைத்து, வாயைச் சருகால் மூடி, தினமும் காலை 5 மணி 15 நிமிடத்துக்கு வாளித் தண்ணீரை அதில் ஊற்றிவந்தேன். ஒரு சொட்டு வெயிலுக்குப் போகாது. மேல்மண் காய்ந்தே இருக்கும். உள்ளே ஊட்டி.

டீச்சர் வருவது 6.40-க்கு. தெர்மாமீட்டரைக் குத்தியதும் புருவம் ஏறும்.

"சார், உங்க வாசல் மட்டும் பக்கத்து மண்ணைவிட மூணு டிகிரி கம்மி. தினமும்! எப்படி?"

முதல் வாரம் எனக்கு உண்மையிலேயே உறைக்கவில்லை. நான் செடிக்குத்தானே ஊற்றினேன்? ஜூலை முதல் வாரத்தில் டீச்சர் ஒரு முடிவுக்கு வந்தார்: ஏரியிலிருந்து என் வீட்டுக்குக் கீழே ஓர் ஊற்று ஓடுகிறது. ஊற்று என்றதும் தலைவரின் காது நிமிர்ந்தது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஒருவரை மாடம்பாக்கத்திலிருந்து வரவழைத்தார். என் வாசலில் தெருவே கூடியது. 31 பேர். அவர் உள்ளங்கையில் தேங்காய் விறைத்து எழுந்து நின்றது.

"அறுபதடி. ஸ்வீட் வாட்டர்," என்றார் அவர்.

அந்த ஸ்வீட் வாட்டர் என் பதினெட்டு லிட்டர்தான் என்பது அந்த வினாடியில் உறைத்தது. வாயைத் திறக்கப் போனேன். அப்போது பார்த்து டீச்சர் என்னைக் காட்டிக் கூட்டத்திடம், "எட்டு வருஷத்துல எனக்குக் கெடைச்ச ஒரே சுத்தமான ரீடிங் சார் வாசல்லேர்ந்துதான். இவர மாதிரி நேர்மையான எண்ணுறவரு கெடையாது," என்றார். திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டேன்.

ஊற்றுவதை நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். திடீரென்று நிறுத்தினால் மறுநாள் மூன்று டிகிரி ஏறும், அகப்பட்டுக்கொள்வேன். ஆகவே அதே அளவு, அதே நேரம், ஒழுங்காகத் தப்புச் செய்துவந்தேன்.

ஆகஸ்ட் 2, புதன். பெரும்பாக்கத்திலிருந்து குமாரியின் குரல் வாட்ஸப்பில் வந்தது. "டீச்சர்! நம்ம ஊட்டாண்ட எல்லாம் வந்துட்டாங்க! எங்க ஆளு ஆறு, உங்க ஆளு ஆறு. உங்க ஆளுங்க நல்லா குண்டா கீறாங்க. ஆனா இங்க வந்து ஓடக் கத்துகினாங்க போல, ஒருத்தன் என் காலு மேல ஏறிப் போய்கினே கீறான்!"

ஆகஸ்ட் 7. டீச்சர் வீட்டுத் தோட்டத்து ஆறும் வந்தன. என் வாசலில் அசைவு பூஜ்யம். 8, பூஜ்யம். 9, பூஜ்யம்.

10-ஆம் தேதி காலை டீச்சர் குப்புறப் படுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்து வைத்திருந்தார். எட்டு நோட்டு முடிந்து ஒன்பதாவது. கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எல்லாம் நிரப்பியிருந்தது. ஒரு வரிசையில் மட்டும் ஆறு கட்டங்கள் காலி.

"அடுத்த மாசம் ரெண்டு முட்டியும் ஆபரேஷன் சார். அப்புறம் பொண்ணு கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறா. இனிமே தரையில படுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த ஆறு கட்டம் நிரம்புச்சுன்னா எட்டு வருஷமும் ஒரு பதிலாயிருக்கும். இல்லேன்னா வெறும் பேப்பர்." காலிக் கட்டங்களை விரலால் தடவி, "நானே எடுத்துட்டு வந்திருக்கணும். குமாரிகிட்ட குடுத்தது தப்பு. வழியில எங்கேயோ புரட்டிட்டா," என்றார்.

குமாரி அப்போது உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கும் சத்தம் நின்றது. கையெல்லாம் சோப்பு நுரையோடு வாசலுக்கு வந்தாள்.

"யாரு பொரட்டுனது? நானா? டீச்சர், பஸ்ஸே காலியா கீது. 'சீட்டு கீதும்மா, ஒக்காரு'ன்னு கண்டக்டர் மூணு தபா சொல்லிட்டாரு. எனக்கு மூலமான்னு கூட கேட்டுட்டாரு. அந்த பேஜாருக்கும் ஒக்காரல நானு. சம்படத்த சாமி மாதிரி புட்ச்சிகினு வந்தேன். எம் மேல பழிய போடாதீங்க, சொல்ட்டேன்!"

குமாரி நுரைக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். அதில் இன்னும் எரிந்திருக்கும். முப்பத்துமூன்று வருட சர்வீஸில் மூட்டை குறைந்தபோதெல்லாம் சுமை தூக்குகிறவன் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். பலமுறை பார்த்திருக்கிறேன். குறைத்தவன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பான். இந்தத் தடவை மேஜைக்குப் பின்னால் இருந்தவன் நான்.

"குமாரி புரட்டல டீச்சர்," என்றேன். "நான்தான் தண்ணி ஊத்தினேன்."

சருகை விலக்கிக் குழாயைக் காட்டினேன். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்றார் டீச்சர்.

"முட்டை வந்த நாள்லேர்ந்து. அதுக்கு முன்னாடியும்."

"அந்தத் தேங்காய்க்காரர் வந்தப்ப தெரியுமா?"

"தெரியும்."

"அட இன்னா சார் நீ!" என்றாள் குமாரி. "படிச்ச மனுசன்!"

அடி விழும் என்று நின்றேன். டீச்சர் பென்சிலை எடுத்தார். "எத்தனை லிட்டர்?"

"பதினெட்டு."

"தினமுமா? விட்டுப்போன நாள்?"

உள்ளே போய் என் டைரியைக் கொண்டுவந்தேன். தேதி, நேரம், லிட்டர், எல்லாம் இருந்தது. ஜூலை 9 மட்டும் பதினாலு; அன்று வந்திருந்த மாப்பிள்ளை நாலு லிட்டரைக் கார் கழுவ எடுத்துவிட்டார். அதையும் எழுதியிருந்தேன். டீச்சர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது.

"யோவ்!" என்றார். ஒரு மிஷன் பள்ளி ஆசிரியை என்னை அப்படி அழைத்தது அதுதான் முதலும் கடைசியும். "கெட்டுப்போகல சார்! பெரும்பாக்கத்து அம்மா, குளிர்ந்த மண்ணு. நான் நெனச்சதவிடக் குளிர்ந்த மண்ணு, அவ்வளவுதான். செத்துப்போகல. லேட்டாகுது!" விரலை மடக்கி எண்ணினார். "பத்தொன்பது, இல்லேன்னா இருபதாம் தேதி." பிறகு எழுந்து, வலிக்கிற முட்டியோடு நடந்து போய்க் குமாரியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்க."

"அட வுடு டீச்சர். நுரை படப்போவுது."

இருபதாம் தேதி சரி. லாரி பன்னிரண்டாம் தேதி.

தலைவரிடம் போனேன். "என் வாசல்ல நாலு சதுர அடி மட்டும் விட்டுடுங்க. இருபதுக்கு மேல நானே மூடிடறேன்."

"சார், சீஃப் கெஸ்ட் வர்றாரு. தெரு முழுக்கப் பல்லு வரிசையா இருக்கும்போது உங்க வாசல்ல மட்டும் பல்லு விழுந்த மாதிரி இருந்தா நல்லாவா இருக்கும்? நீங்கதானே சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க?"

12-ஆம் தேதி காலை 8.20-க்கு லாரி வந்தது. நான் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில், குழிக்குக் காவலாகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தக்காரர் மதியம்வரை எதிர்வரிசையில் வேலை செய்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? கல்லு போடணும்."

"மொத்தம் எத்தனை பிளாக்குக்குப் பில்லு?"

"ஆயிரத்து எண்ணூத்து நாப்பது."

"இறங்கினது ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு."

அவர் சிரித்தார். "லாரியிலேர்ந்து இறக்கினத யாரு சார் எண்ணுவா?"

"நான்."

சிரிப்பு போயிற்று. கடைசி அடுக்கில் உடைந்த கல் எத்தனை என்றும் சொன்னேன். ஏழு. சுற்றிப் பார்த்தார், தலைவர் கொடிக்கம்பத்துக்கு வர்ணம் பூசுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், எத்தனை அடி விடணும்?" என்றார்.

"நாலு சதுர அடி. குழாயைச் சுத்தி."

"ஆறா விட்டுடறேன்."

நான் 228 கல்லைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஆறு சதுர அடியைப் பற்றிப் பேசவில்லை. சங்கத்துக்காக 1,840 கல் எண்ணி வாங்கியதாக எழுதி அவர் நீட்டிய ரசீதில் கையெழுத்துப் போட்டேன். பொய்யான எண்ணிக்கையின் கீழே நான் கையெழுத்துப் போட்டது என் வாழ்நாளில் அது ஒன்றுதான். அந்த 228 யார் கணக்கில் ஏற வேண்டும் என்று பேனாவை மூடும்போதே எனக்குத் தெரியும்.

கல் தீர்ந்த இடம் 14-ஆம் தேதி மாலை தெரிந்தது. சரியாகத் தலைவர் வீட்டு வாசல். மறுநாள் சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கிக் காலை வைத்ததே அந்தப் புழுதியில்தான்.

20-ஆம் தேதி, ஞாயிறு, காலை 7.50. மண் லேசாக வெடித்தது. ஒரு மூக்கு. பிறகு இரண்டு கண். குமாரிக்கு அன்று லீவு. டீச்சர் சர்ச்சில், போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஒவ்வொன்றாக வெளியே வந்து, மண்ணை உதறி, இதுதான் சிட்லபாக்கமா என்பது போல என்னைப் பார்த்தன. இஞ்ச் டேப்பால் அளந்து எழுதினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறு.

லுங்கியை வேட்டியாக மாற்றிக்கொண்டு சர்ச்சுக்கு ஓடினேன். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மூன்றாவது வரிசையில் டீச்சர் திரும்பிப் பார்த்தார். வலது கையில் ஐந்து விரல், இடது கையில் ஒரு விரல் காட்டினேன்.

டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். "ஆறுமா?" என்றார் சத்தமாக.

தலையை ஆட்டினேன்.

"ஸ்தோத்திரம்!" என்றார். விஷயம் தெரியாத முந்நூறு பேரும், "ஸ்தோத்திரம்!" என்றார்கள். போதகர் தன் பிரசங்கம் இவ்வளவு நன்றாகப் போகிறதா என்று ஒரு நிமிடம் மகிழ்ந்துபோனார்.

விடை இதுதான். பெரும்பாக்கத்துக் குஞ்சுகள் சிட்லபாக்கத்தில் தாமதமாக வந்தன; ஓட்டமும் கொஞ்சம் சோம்பல்; அது மண்ணின் வேலை. ஆனால் உருவம் சின்னதுதான். அது அம்மா வைத்த கட்டுச்சோறு. எங்கள் ஊர்க் குஞ்சுகள் அங்கே போய்ச் சீக்கிரம் பிறந்து ஓடின, ஆனால் குண்டு. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தீர்மானிக்க முடியாது.

தலைவர் தெருவில் டீச்சரை மறித்துக் கேட்டார். "கடைசியா என்னதான் சொல்றீங்க? பிறப்பு முக்கியமா, வளர்ற இடம் முக்கியமா?"

"ரெண்டும் சார். அப்புறம் ஆர்.ஓ. தண்ணி."

செப்டம்பரில் டீச்சர் கோயமுத்தூர் போனார். ஒன்பதாவது நோட்டின் ஜெராக்ஸ் ஒன்றை எனக்கும் ஒன்றைக் குமாரிக்கும் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் உதவி செய்தவர்கள் என்று இரண்டு வரி: குமாரி, சுமந்தது. சார், எண்ணியது. குமாரி அதைத் தன் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நான் அந்த ஆறு சதுர அடியை இன்னும் மூடவில்லை. சங்கத்திலிருந்து இதுவரை மூன்று நோட்டீஸ் வந்திருக்கிறது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு பார்த்தபோது தலைவர் ரசீதை என் முன்னால் போட்டார். "இருநூத்து இருபத்தெட்டு பிளாக் குறையுது. எண்ணி வாங்கினது நீங்க. தப்பா எண்ணிட்டீங்களா?"

23 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கிவிட்டாள்.

"ஆமா சார்," என்றேன். "தப்பா எண்ணிட்டேன்."

கல் ஒன்றுக்கு 38 ரூபாய் வீதம் 228 கல்லுக்கு என் பென்ஷனிலிருந்து கட்டினேன். மொத்தம் 8,664 ரூபாய். வீட்டுக்கு வந்து குஞ்சுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு 1,444 ரூபாய், மீதி பூஜ்யம்.